திடம் இருந்தது, வேலைதான் இல்லை

வேலை போனவரைக் காப்பாற்றுவது மனத்திடம் ஒன்றே, அது இல்லாதவர்களே துவண்டுபோகிறார்கள் என்று வாதிடுகிறார் ஒரு கட்டுரையாளர். இதை என்னால் ஏற்க முடியாது.

2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. அங்கே கைபேசி செய்தவர்களில் பலர் படிப்பை முடித்த கையோடு கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். இரவு ஷிப்ட் பார்த்து, தம்பி தங்கைகளைப் படிக்கவைத்து, வீட்டுக் கடனையும் சுமந்தவர்களிடம் எந்தத் திடம் குறைந்திருந்தது? வரித் தகராறில் ஆலையின் சொத்துகள் முடக்கப்பட்டன. கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை அந்த விற்பனைக்கு வெளியே நின்றது. இதில் எந்த முடிவும் அந்தப் பெண்கள் எடுத்ததல்ல.

அடிபட்டவர் எழுந்து நிற்க அவகாசம் வேண்டும். அவகாசத்துக்குப் பணம் வேண்டும். வேலையிழந்தோருக்கு இ.எஸ்.ஐ. வழியாக 2018-ல் ஓர் உதவித் திட்டம் வந்தது. முதலில் சராசரி ஊதியத்தில் கால் பங்கு; 2020-ல் அது பாதியானது. அதுவும் அதிகபட்சம் 90 நாட்களுக்கு, வாழ்நாளில் ஒரே முறை. அதற்குள் புதுத் தொழில் கற்று, வேலையும் தேடிவிட முடியுமா?

மனத்திடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூட நிற்கும் சங்கமும் உறவும் கையில் நாலு மாதச் செலவுக்குப் பணமும் இருந்தால் அது தானாக வரும். வேலை இழந்தவரிடம் 'தைரியமா இரு' என்று சொல்வதற்கு முன், இழப்பீடும் பி.எஃப். பணமும் கைக்கு வந்துவிட்டதா என்று கேளுங்கள். வரவில்லையென்றால் அவரோடு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள்.