சரத்சந்திரர் வீட்டில் அக்காவுக்கும் ஓர் அறை

ஹௌராவிலிருந்து கரக்பூர் செல்லும் தடத்தில் தேவுல்டி ரயில் நிலையம். அதற்குப் பக்கத்தில், சாம்தாபேர் கிராமத்தில், வங்க நாவலாசிரியர் சரத்சந்திரர் கட்டிய மாடி வீடு இன்றும் நிற்கிறது. ஓட்டுக் கூரை, நீண்ட தாழ்வாரம், பர்மிய வீடுகளின் சாயல். 1903 முதல் 1916 வரை ரங்கூனில் குமாஸ்தாவாக வேலை பார்த்தவர் அல்லவா! 1926இல் இங்கே குடிவந்தார். ‘பதேர் தாபி’ நூலாக வந்ததும், ஆங்கிலேய அரசு அதைத் தடை செய்ததும் அதையொட்டித்தான். ‘ஸ்ரீகாந்த’வின் பிற்பகுதிகளும் ‘சேஷ் பிரஷ்ன’வும் வெளிவந்தது இந்த வீட்டில் அவர் இருந்த காலத்தில்.

1978 வெள்ளத்தில் சேதமடைந்த வீட்டைச் செப்பனிட்டார்கள். பாரம்பரியச் சின்னமாகவும் அறிவித்தார்கள். பாராட்ட வேண்டிய வேலை. ஆனால், அவர் புழங்கிய மேசை நாற்காலியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு, புகழின் உச்சியில் இருந்த ஒருவர் இந்த ரூப்நாராயண் ஆற்றங்கரையைத் தேடி வந்த காரணமும் தெரிய வேண்டும்.

காரணங்களில் ஒன்று, அக்கா. அனிலா தேவி வாழ்க்கைப்பட்ட கோவிந்தபூர் பக்கத்து ஊர்தான். பெண்ணுக்குச் சமூகம் என்ன மதிப்பு வைத்திருக்கிறது என்று சாஸ்திரங்களையும் வழக்கங்களையும் குறுக்கு விசாரணை செய்கிற நீண்ட கட்டுரை ‘நாரீர் மூல்ய’. அதை சரத்சந்திரர் தன் பெயரில் வெளியிடவில்லை. அக்காவின் பெயரில்தான் வெளியிட்டார். ஓர் ஆண், அதுவும் எழுத்தாளர், தன் பெயரை விட்டுக்கொடுத்த இடம் அது. 1953இல் வந்த ‘தேவதாஸ்’ படத்தின் வழியாக நாம் அறிந்த காதல் தோல்வியின் எழுத்தாளரைவிட இந்தத் தம்பிதான் எனக்குப் பெரியவராகத் தெரிகிறார்.

ஊர்க்காரர்களுக்கு ஹோமியோபதி மருந்து கொடுத்தவர், ஹௌரா மாவட்டக் காங்கிரஸ் தலைவராக இருந்தவர் என்கிற முகங்களும் அவருக்கு உண்டு. இவற்றை நாற்காலி சொல்லாது. யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

அவர் கண்ணெதிரே ஓடிய ரூப்நாராயண் ஆறு இப்போது தடம் மாறி விலகிப் போய்விட்டது. அதைத் திருப்பிக் கொண்டுவர எந்த அரசாலும் ஆகாது. அக்காவைக் கொண்டுவரலாம். வளாகத்தில் சரத்சந்திரருக்கும், மனைவி ஹிரண்மயிக்கும், துறவியான தம்பி வேதானந்தருக்கும் நினைவிடங்கள் இருக்கின்றன. வீட்டுக்குள் ஓர் அறையை அனிலா தேவிக்கு ஒதுக்கட்டும். ‘நாரீர் மூல்ய’ மலிவுப் பதிப்பாக, தமிழ் உட்படப் பல மொழிகளில், அங்கேயே விற்பனைக்குக் கிடைக்கட்டும்.