விலையில்லா மின் யாருக்கு?

2016-ஆம் ஆண்டில் தமிழக அரசு வீடுகளுக்கு இருதிங்கட்கு 100 அலகு மின்னாற்றலை விலையின்றி வழங்கலாயிற்று. நல்லதே. ஆயின் அந்நல்கை குடும்பத்தைத் தேடிச் செல்லவில்லை. மின்னிணைப்பைத் தேடிச் சென்றது. இணைப்போ மனைக்குரியார் பெயரில்!

ஒரே இணைப்பில் நான்கு குடும்பங்கள் வாழும் வீட்டை எண்ணிப் பாருங்கள். குடும்பத்திற்கு 150 அலகென்றால் கூட்டுத்தொகை 600. தனித்தனி இணைப்பிருப்பின் நால்வரும் சேர்ந்து 200 அலகுக்கே பணங்கட்டுவர்; கூட்டிணைப்பாயின் 500 அலகுக்குக் கட்டல் வேண்டும். 500-ஐத் தாண்டியமையின் கட்டணப்படியும் மேலேறும். மனைக்குரியாருள் பலர் உள்ளே தனியே ஓர் அளவியை மாட்டி, தாம் வைத்ததே விலையென முதல் அலகிலிருந்தே தண்டுகின்றனர். அவ்விடத்து விலையில்லா 100 அலகு யார் மடியில் விழுகின்றது?

2022-இன் இறுதியில் இணைப்பெண்ணோடு ஆதார் எண்ணைப் பிணைக்கச் சொன்னார்கள். (எளியவன் அடையாளத்திற்கும் வடசொல்தான் வாய்த்தது!) குடியிருப்போன் எண்ணைத் தந்தால் வீட்டிலேயே உரிமை கோருவானோவென உடையார் சிலர் அஞ்சினர், தராவிடின் நல்கை போய்விடுமோவெனக் குடியிருப்போர் அஞ்சினர். கெடு 2023 பிப்பிரவரி இறுதிவரை நீண்டது. எண்கள் சேர்ந்தன, கூட்டிணைப்போ கூட்டிணைப்பாகவே நின்றது.

பங்கீட்டுக்கடை அரிசி குடும்ப அட்டையைப் பார்த்து அளக்கப்படுகின்றது. குடிக்கூலிக்கு இருப்பவனுக்கும் அவன் பங்கு உண்டு. மின்னுக்கு மட்டும் வேறு முறை ஏன்? அடுப்புக்கோர் இணைப்பு வேண்டும். அதற்கு உடையாரின் கையொப்பத்தை எதிர்நோக்கிக் கிடவாது, குடும்ப அட்டையும் குடிக்கூலி ஒப்பந்தமும் போதுமென மின்வாரியம் நெறி வகுத்தல் வேண்டும்.