முதல் விலைப்பட்டியல்

நக அலங்காரப் பயிற்சி முடித்து ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ வீட்டின் முன்னறையில் மேசை போடும் புதியவர், பக்கத்துப் பார்லர் வாங்கும் தொகையிலிருந்து நூறு, இருநூறு குறைத்தே தம் முதல் விலைப்பட்டியலை எழுதுகிறார். அண்ணா நகர் விலையை இங்கே யார் தருவார்கள் என்ற தயக்கமும், கை இன்னும் பழகவில்லை என்ற கூச்சமும் அதற்குக் காரணங்கள். முன்னது சந்தையைப் பற்றியது, ஆராயத்தக்கது. பின்னதற்கு விலைக்குள் இடமே இல்லை.

இயற்கை நகத்தின்மேல் செயற்கை முனையைப் பொருத்தி, ஜெல் பூசி, புற ஊதா விளக்கில் இறுகவைக்கும் எக்ஸ்டென்ஷன் வேலை தேர்ந்த கைக்கு இரண்டு மணி நேரமும் புதிய கைக்கு மூன்றரை மணி நேரமும் ஆவதாகக் கொள்வோம். பொருட்செலவு 250 ரூபாய், வாடகையும் மின்சாரமும் சேர்ந்த இடச்செலவு மணிக்கு 60, கூலி மணிக்கு 150 என்று எடுத்துக்காட்டுக்கு வைத்தால், தேர்ந்தவரின் நேரப்படி விலை 670 ரூபாய் வருகிறது. புதியவர் அதையே 500 ரூபாய்க்குச் செய்தால், செலவு போக மூன்றரை மணி நேர உழைப்புக்கு அவர் கையில் நிற்பது 40 ரூபாய். 670 ரூபாயே வாங்கினால் முதலில் 210 நிற்கும்; வேகம் கூடக்கூட, பட்டியலைத் தொடாமலே அவரது மணிக்கூலி 60 ரூபாயிலிருந்து 150 ரூபாய்க்கு உயரும். தாமதம் பயிற்சியின் செலவாதலால் அதை வாடிக்கையாளர் தலையில் கட்டுவதும் தவறு, அதற்காக விலையை வெட்டுவதும் தவறு.

விலையை வெட்டியவர் அடுத்துக் கைவைப்பது பொருளில்தான். முழுமையாக இறுகாத ஜெல்லில் எஞ்சும் மெத்தாக்ரிலேட் வகை வேதிப்பொருள் தோலில் படப்பட ஒவ்வாமை உண்டாகி நிலைத்துவிடக்கூடும். ஜெல்லை ஒளியில் இறுகச்செய்யும் டிபிஓ என்னும் சேர்மத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப்பொருள்களில் தடை செய்துள்ளது. லேபிள் இல்லாத மலிவுப் புட்டியில் எது இருக்கிறது என்று எவராலும் சொல்ல இயலாது.

சந்தையைப் பற்றிய தயக்கத்துக்கு வருவோம். நாள் முழுதும் தண்ணீரில் கைவைக்கும் காசிமேட்டு மீன் வியாபாரிக்கு நீள நகத்தின் ஓரம் விரைவில் தூக்கிக்கொள்ளும். நோயாளிகளைத் தொடும் செவிலியர்கள் செயற்கை நகம் அணியலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட கைத்தூய்மை வழிகாட்டுதல் கூறுவதால் ஸ்டான்லி மருத்துவமனைச் செவிலியரிடமும் அதை விற்க முடியாது. இவர்களுக்கு உரியது குட்டை நகத்தில் எளிய பராமரிப்பே. எக்ஸ்டென்ஷனுக்கு உண்மையான வாடிக்கை எம்.சி. ரோட்டில் கல்யாணப் பட்டு எடுத்துவிட்டு வரும் குடும்பங்கள்தாம்.

அந்த வாடிக்கையும் ஆண்டு முழுதும் சீராக இராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளை நம்பிய வீடுகளில் கைக்காசு குறைகிறது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. காலியாகக் கிடக்கும் மணி நேரத்தைப் பாதி விலைக்காவது விற்பதே லாபம் என்ற வாதம் கணக்களவில் சரிதான். ஆனால் துணிக்கடையின் ஆடித் தள்ளுபடி தேங்கிய சரக்கோடு முடிந்துவிடும், ஒரே தெருவில் நடக்கும் நகவேலையிலோ ஆடியில் 450 கொடுத்தவர் ஆவணியில் 670 கேட்டால் முகம் சுளிப்பார். ஆகவே மந்தமான மாதங்களில் எக்ஸ்டென்ஷன் விலையை அப்படியே விட்டு, குறைந்த நேரத்தில் முடியும் சிறு வேலைகளை முன்னிறுத்துவதே தக்கது.

அழகு நிலையச் சேவைகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காட்டிலிருந்து, உள்ளீட்டு வரிக்கழிவு இன்றி, 5 விழுக்காடாகக் குறைந்தது. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டாத, பதிவு பெறாத சிறு தொழிலர் இவ்வரியை வசூலிக்கலாகாது. பெரிய பார்லரோடு ஒப்பிட அவருக்கிருந்த வரி அனுகூலம் இப்போது சுருங்கிவிட்டது.

பட்டியலில் பெரும்பாலும் விடுபடுவது, பழைய நகத்தை அசிட்டோனில் ஊறவைத்துக் கழற்றும் வேலை. அரை மணி நேரம் பிடிக்கும் அதற்கும், உடைந்த ஒற்றை நகத்தைச் சரிசெய்வதற்கும், மாதம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும் நகத்தின் அடியில் விழும் இடைவெளியை நிரப்பும் ரீஃபில்லுக்கும் தனித்தனி விலை வேண்டும். எண்ணூர்க் கல்யாண வீட்டுக்கு விளக்கும் பெட்டியுமாகப் போகும்போது ஆட்டோக் கட்டணத்தோடு போய்வரும் நேரத்தையும் கணக்கில் சேர்த்து முன்பணம் வாங்கிவிட வேண்டும். மணப்பெண்ணுக்கு முடிந்ததும் “அக்கா, எனக்கும்” என்று நீளும் தங்கைகளின் கைகளுக்கு என்ன விலை என்பதையும் அப்போதே பேசிக்கொள்வது நல்லது.