உயரம் தீர்மானமாகும் முதல் ஆயிரம் நாள்

தென்கொரியாவில் 1896-ல் பிறந்த பெண்களின் சராசரி உயரம் 142 சென்டிமீட்டர். 1996-ல் பிறந்தவர்களுக்கு அது 162. நூறு ஆண்டில் இத்தனை வளர்ந்த பெண்கள் உலகில் வேறெந்த நாட்டிலும் இல்லை. நான்கைந்து தலைமுறைக்குள் ஒரு மக்களின் மரபணு மாறிவிடாது. மாறியது சாப்பாடு, குடிதண்ணீர், மருத்துவம். எல்லைக்கு அந்தப் பக்கம், அதே மரபோடு பிறந்து பஞ்சத்தில் வளர்ந்த வடகொரியர்கள் குட்டையாகவே நின்றுவிட்டார்கள்.

மரபணுவுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுத் தகவல்களை அலசிய ஓர் ஆய்வு, உயரத்தோடு தொடர்புடைய சுமார் 12,000 மரபணு வேறுபாடுகளை 2022-ல் அடையாளம் காட்டியது. வயிறார உண்டு, நோய்நொடியில்லாமல் வளரும் சமூகத்தில், ஆளுக்கு ஆள் தெரியும் உயர வித்தியாசத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் மரபால் வருவது. பசியும் வயிற்றுப்போக்கும் உள்ள இடத்தில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

ஆனாலும், "எங்க பரம்பரையே குட்டைதான்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். பாட்டி அரைவயிற்றோடு வளர்ந்தாள், அம்மா எடை குறைவாகப் பிறந்தாள், பிள்ளையும் வளரவில்லை. இதில் வழிவழியாக வந்தது வறுமையும்தான். குவாத்தமாலாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த மாயா பழங்குடிக் குடும்பங்களின் பிள்ளைகள், ஊரில் இருந்தவர்களின் பிள்ளைகளைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் உயரமாக வளர்ந்தார்கள். ஒரே தலைமுறையில்!

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இங்கே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லாதது. நாடு முழுவதும் இது 35.5 சதவீதம். காமராஜர் காலத்து மதிய உணவு முதல் 2022-ல் வந்த காலை உணவு வரை பெருமைப்பட நிறைய இருக்கிறது. ஆனால் கருவில் தொடங்கி இரண்டு வயது முடிவதற்குள், அந்த ஆயிரம் நாளில் இழந்த வளர்ச்சியைப் பள்ளித் தட்டில் முழுதாக மீட்பது கடினம். அதே ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழகப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. குழந்தையின் உயரத்துக்கான செலவை அந்தத் தாயின் தட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வீட்டில் கடைசியாக, மிச்சம் மீதியைச் சாப்பிடுபவள் அவளாக இருக்கக் கூடாது.

பத்தாவது படிக்கும் பிள்ளைக்கு "உயரமாக்கும்" பவுடர் டப்பா வாங்குவதும், கம்பியில் தொங்கவிடுவதும் வீண். பெண்பிள்ளை வயதுக்கு வந்தபின் பெரும்பாலும் சில சென்டிமீட்டர்தான் வளரும். பதின்பருவம் முடிவதற்குள் எலும்பு முனைகளின் வளர்தட்டுகள் மூடிக்கொள்கின்றன. அதன்பின் எந்தப் பவுடரும் பலிக்காது.

வளர்ச்சி பின்தங்குவதைக் காலத்தோடு கண்டுகொள்ள, சிறு வயதிலேயே சரியாக அளக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்துத்தான் அளக்க வேண்டும். ஒருவர் தலையைப் பலகையோடு ஒட்டிப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை மெல்ல அழுத்திப் பாதத்தை நேராக்குவார். குழந்தை வீறிட்டு அழும், நெளியும். அவசரப்பட்டால் அளவு தப்பிவிடும். எடை குறைந்தால் பதறும் குடும்பம் நீளம் குறைந்தால் கவனிப்பதில்லை. அங்கன்வாடியில் ஒழுங்காக அளந்து அட்டையில் எழுதினால், பின்தங்கும் குழந்தையைச் சீக்கிரமே மருத்துவரிடம் அனுப்பலாம். தைராய்டு குறையோ வளர்ச்சி ஹார்மோன் குறையோ காரணமானால், அதற்கு சிகிச்சை இருக்கிறது.