கப்பல் நிற்கும் ஒன்பது மணி நேரம்



பள்ளி விடுமுறை முடிந்து வகுப்புத் தொடங்கும் முதல் வாரத்தில் என் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் கட்டுரைத் தலைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: 'விடுமுறையில் நான் சென்ற இடம்'. சில ஆண்டுகளாக அக்கட்டுரைகளில் உல்லாசக் கப்பல் அடிக்கடி வருகிறது. எங்கள் பொங்கோலில் இளங்குடும்பங்கள் மிகுதி. மூன்று நான்கு இரவுக் கப்பல் பயணம் அவர்களுக்கு மிகவும் ஏற்றது. விமானம் ஏற வேண்டியதில்லை. ஊருக்கு ஊர் பெட்டியைக் கட்டி அவிழ்க்க வேண்டியதில்லை. முழங்கால் வலியுள்ள தாத்தா பாட்டியையும் உடன் அழைத்துச் செல்லலாம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை, பிள்ளைகள் எழுதும் கட்டுரையில் தெரிகிறது. ஐந்து பேர் எழுதினாலும் ஒரே கட்டுரைதான். நீச்சல் குளம், சறுக்கு விளையாட்டு, எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஐஸ்கிரீம். ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தான்: 'கப்பல் பினாங்கில் நின்றது. நாங்கள் இறங்கவில்லை.' அவனை அழைத்து ஏன் என்று கேட்டேன். "பினாங்குதானே டீச்சர், அங்க ஒண்ணும் இல்லன்னு அப்பா சொன்னாங்க" என்றான்.

அந்தப் பதில் பல நாள் என் மனத்தை உறுத்தியது. அவன் தந்தையைக் குறை கூறவில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆயினும் தமிழ் கற்பிக்கும் ஒருத்தி, 'பினாங்கில் ஒன்றும் இல்லை' என்ற சொல்லைக் கேட்டுவிட்டு வாளாவிருத்தல் தகாது. ஆகவே 2024 ஜூன் விடுமுறையில் நாங்களே சென்று வந்த அனுபவத்தை வைத்துச் சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்கும்போது பயணிக்கு மூன்று வழிகள் உண்டு. கப்பலிலேயே இருந்துவிடலாம். கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாப் பேருந்தில் பணம் கட்டிச் செல்லலாம். அல்லது சொந்தக் காலில் இறங்கி நடக்கலாம். பினாங்கைப் பொறுத்தவரை மூன்றாவது வழியே சிறந்தது என்பது என் கருத்து. அதுவும் பிள்ளைகளை முன்னால் நடக்கவிட்டு.

அன்று காலை எட்டு மணிக்குக் கப்பல் சுவெட்டன்ஹாம் துறையில் நின்றது. மாலை ஐந்து மணிக்குப் புறப்பாடு. கையில் ஒன்பது மணி நேரம். தொடக்கநிலை நான்கில் பயிலும் என் மகளிடம் ஒரு காகித வரைபடத்தைக் கொடுத்து, "இன்று நீதான் வழிகாட்டி" என்றேன். கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டோம்.

துறைமுக வாயிலைத் தாண்டியதும் விக்டோரியா மகாராணியார் மணிக்கூண்டு நிற்கிறது. அவர் அரியணையேறி அறுபது ஆண்டுகள் நிறைந்ததன் நினைவாகச் சீனச் செல்வர் ஒருவர் பொருளுதவியில் எழுந்து 1902-இல் முடிவுற்ற கூண்டு அது. ஆண்டுக்கு ஓர் அடியாக அறுபது அடி உயரம். அதன் அருகில் கார்ன்வாலிஸ் கோட்டை. 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய கரை. அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடையில் பினாங்கின் லிட்டில் இந்தியா. மார்க்கெட் தெரு, குயின் தெரு, பினாங்குத் தெரு எங்கும் தமிழ்ப் பெயர்ப் பலகைகள். அவற்றை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே மகள் முன்னால் சென்றாள். தேக்காவிலும் இத்தகைய பலகைகள் உண்டு. ஆனால் அங்கே நான் கைபிடித்து அழைத்துச் செல்வேன். இங்கே வழி தவறாதிருக்க அவளே படித்தாக வேண்டியிருந்தது. தேவை வந்தால் படிப்பு தானே வரும் என்பதை ஆசிரியர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

ஒரு மளிகைக் கடையில் வழி கேட்கும்படி அவளை அனுப்பினேன். ஆங்கிலத்தில்தான் தொடங்கினாள். கல்லாவின் பக்கத்தில் அவள் வயதையொத்த பையன் ஒருவன் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். தலையை உயர்த்தி, "தமிழ் தெரியாதா?" என்று கேட்டான். "தெரியும்" என்றாள், சற்றே ரோஷத்துடன். "அப்போ தமிழ்லயே கேளு. கோயிலா? நேராப் போயி வலது பக்கம் திரும்பு" என்றான். வழி தெரிந்த பிறகும் அவள் நகரவில்லை. அவனுடைய குறிப்பேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்ததும் என் கையைப் பற்றி, "அம்மா, அவன் கணக்கைத் தமிழில் போடுகிறான்!" என்றாள்.

பின்னக் கணக்கு அது. தொகுதி, பகுதி என்று தமிழில் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தான். மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் இயங்குகின்றன. அங்கே பயிலும் பிள்ளைக்குத் தமிழ் ஒரு பாடவேளையில் தொடங்கி அதே பாடவேளையில் முடிந்துவிடுவதில்லை. நம் பிள்ளைகளுக்கோ தமிழ் என்பது தமிழ் வகுப்பு, தமிழாசிரியர், பாட்டி. 'உன் வயதுப் பிள்ளைகளும் தமிழில் சிந்திக்கிறார்கள்' என்று வகுப்பில் நான் நூறு முறை சொல்லியும் மகளுக்கு எட்டாத செய்தியை அந்தப் பையன் அரை நிமிடத்தில் உணர்த்திவிட்டான். சுற்றுலாப் பேருந்தில் சென்றிருந்தால் அவனைச் சந்தித்திருக்க மாட்டோம்.

தமிழாசிரியர்கள் அறியவேண்டிய மற்றொன்றும் அங்கே உண்டு. மலேசியத் தமிழ்க் கல்வி வரலாறு பினாங்கில்தான் தொடங்குகிறது. 1816-இல் ஹட்சிங்ஸ் பாதிரியார் தொடங்கிய பினாங்கு ஃபிரீ ஸ்கூல் பள்ளியில் தமிழ் வகுப்பும் இடம்பெற்றது. அதைக் கணக்கிட்டே 2016-இல் மலேசியத் தமிழர் தமிழ்க் கல்வியின் 200 ஆண்டு நிறைவைக் கொண்டாடினர். 1818-இல் கட்டி முடிக்கப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயத்தைக் கடந்து நடந்தபோது இதை மகளுக்குச் சொன்னேன். தேவாலயத்துக்கு அருகில் சீனர்களின் கருணைத் தெய்வக் கோயில். சற்றுத் தள்ளி, 1801-இல் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். பக்கத்துக் குயின் தெருவில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். நான்கையும் நடந்தே பார்க்கலாம்.

இங்கே என் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். பசி என்று முதலில் நாசி கண்டார் கடையில் வரிசையில் நின்றுவிட்டோம். உணவு அருமை. ஆனால் கோயிலுக்குப் போனபோது நடை சாத்தியிருந்தது. மாலையில் மீண்டும் திறக்கும்வரை கப்பல் காத்திருக்காது. கோபுரத்தை மட்டும் கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம். சொந்தமாகச் சுற்றுகிறவர்க்கு இத்தகைய ஏமாற்றங்கள் வரத்தான் செய்யும்.

கோபுரத்தின் முன் நின்றபோது என் தாத்தாவின் நினைவு வந்தது. அவர் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறி வந்தவர். 1926-இல் கட்டப்பட்டு, 1970-களின் தொடக்கம் வரை தமிழ்நாட்டுக்கும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய கப்பல் அது. நாகையிலிருந்து வங்கக் கடலைக் கடந்து வரும் கப்பலுக்குப் பினாங்கே முதல் துறைமுகம். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த தாத்தா, கம்பியைப் பிடித்துக்கொண்டு பினாங்கைப் பார்த்ததைச் சொல்வார். பயணச்சீட்டு சிங்கப்பூருக்கு, ஆகவே இறங்கவில்லை. அதன்பின் வாழ்நாள் முழுதும் பினாங்குக்குப் போக அவருக்கு வாய்க்கவில்லை. அவர் இறங்க முடியாமல் பார்த்துக்கொண்டே போன ஊரில், இறங்க முடிந்தும் இறங்காமல் சறுக்கு விளையாடுகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

இனி, மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். எல்லாத் துறைமுகமும் பினாங்கு ஆகாது. விளம்பரத்தில் 'கோலாலம்பூர்' என்றிருக்கும். கப்பல் நிற்பதோ போர்ட் கிள்ளானில், புலாவ் இண்டா தீவில். அங்கிருந்து தலைநகருக்குச் சாலை வழியே ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகும். சிறு பிள்ளைகளோடு முதன்முறை செல்கிறவர்கள் அங்கே கப்பலின் பேருந்தில் செல்வதே நல்லது. இத்தாலிக்குச் சென்று வந்த என் தோழி ஒருவரும் இதையே சொன்னார். 'ரோம்' என்று குறித்திருந்த நாளில் கப்பல் நின்ற இடம் சிவிட்டாவெக்கியா. ரோமிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவு, ரயிலேறிச் செல்லவேண்டும். நேப்பிள்ஸிலோ கப்பலை விட்டு இறங்கினால் எதிரிலேயே கோட்டையும் நகரமும். ஆகவே விளம்பரத்தில் உள்ள ஊர்ப்பெயரை நம்பாமல், கப்பல் உண்மையில் எந்தத் துறையில் நிற்கிறது, அங்கிருந்து ஊர் எவ்வளவு தூரம் என்பதை முதலில் பாருங்கள். நடை தூரமாயின் நடங்கள். ரயில் தூரமாயின் இரு முறை சிந்தியுங்கள்.

நேரத்தைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். கப்பலின் சொந்தச் சுற்றுலாப் பேருந்து தாமதித்தால் பெரும்பாலும் கப்பல் காத்திருக்கும். நீங்களாகச் சென்று தாமதித்தால் காத்திருக்காது. அடுத்த ஊருக்கோ வீட்டுக்கோ சொந்தச் செலவில் வரவேண்டியதுதான். புறப்படும் நேரத்துக்கு முன்பே கப்பலேறும் நேரம் முடிந்துவிடும். அந்த நேரத்திற்கும் ஒரு மணி நேரம் முன்னதாகத் துறைமுக வாயிலில் நிற்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பினாங்கில் நம் சிங்கப்பூர் நேரமேதான். புக்கெட்டில் ஒரு மணி நேரம் பின்தங்கியது. கைப்பேசி தானே நேரத்தை மாற்றிக்கொண்டு உங்களை ஏமாற்றலாம். கப்பல் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறது என்று இறங்குமுன் கேட்டு, ஒரு கைக்கடிகாரத்தில் அதை வைத்துக்கொள்வது நலம். கப்பல் அட்டை, கடவுச்சீட்டு அல்லது அதன் நகல், கொஞ்சம் ரிங்கிட், குடை, தண்ணீர் இவை போதும். வெயில் கடுமையாதலால் முதியோரைப் பகல் முழுதும் நடக்க வைக்காதீர்கள். அவர்கள் கப்பலில் ஓய்வெடுக்கட்டும்.

ஆசிரியத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு முன் பிள்ளைகளிடம் பயிற்சித்தாள் கட்டைக் கொடுக்கிறோம். அத்துடன் மூன்று சிறு பணிகளையும் கொடுத்துப் பார்க்கலாமே: அறியாத ஒருவரிடம் தமிழில் வழி கேள்; ஐந்து பெயர்ப் பலகைகளைப் படித்து எழுதி வா; உன்னை ஏமாற்றமடையச் செய்த ஒன்றைக் குறித்து வை. தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெற்ற நாளில், மாணவரின் பேச்சுத்திறன் வளர அனுபவம் வேண்டும் என்று கற்றோம். வாய்மொழித் தேர்வில் பிள்ளை விழித்துக்கொண்டு நிற்பதற்குச் சொற்பஞ்சம் மட்டும் காரணமன்று. சொல்வதற்குச் சொந்தமாக ஒன்றும் நிகழாததும் காரணம். ஐஸ்கிரீமைப் பற்றி எத்தனை வாக்கியம்தான் பேச முடியும்? சாத்திய கதவைப் பற்றியும் கணக்குப் போட்ட பையனைப் பற்றியும் என் மகள் இன்றும் பேசுகிறாள்.

கப்பல் பயணத்துக்கு வசதி இல்லாத குடும்பங்கள் என் வகுப்பில் பல உண்டு. அவர்களுக்கும் இது பொருந்தும். நாமே ஒரு துறைமுக நகரில்தான் வாழ்கிறோம். 1819 மே மாதம் ராஃபிள்ஸ் இரண்டாம் முறை இங்கு வந்தபோது, பினாங்கிலிருந்து அவருடன் 'இந்தியானா' கப்பலில் வந்தவர் நாராயண பிள்ளை. 1827-இல் அவர் நிறுவிய மாரியம்மன் கோயில் சவுத் பிரிட்ஜ் சாலையில் நிற்கிறது. அங்கிருந்து நடை தூரத்தில், முன்பு கடற்கரையாக இருந்த தெலுக் ஆயர் தெருவில், 1830-இல் கட்டி முடிந்த நாகூர் தர்கா. பினாங்கிலும் ஒரு மாரியம்மன், ஒரு நாகூர் தர்கா; இங்கும் அவ்வாறே. இரண்டு ஊர்களிலும் இறங்கிய நம்மவர், கரையை ஒட்டியே தம் வழிபாட்டிடங்களை அமைத்துக்கொண்டனர்.

பொங்கோலில் ரயிலேறினால் இடையில் லிட்டில் இந்தியா, பிறகு சைனாடவுன். வேறு ரயில் மாறவேண்டியதில்லை. சனிக்கிழமைகளில் தேக்காப் பக்கம் போனால், கப்பலிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரக் குடும்பங்கள் வரைபடத்தை விரித்துக்கொண்டு கோபுரத்தை அண்ணாந்து பார்த்து நிற்பதைக் காண்கிறேன். அவர்களுடைய பிள்ளைகள் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள். நாம் காய்கறிப் பையுடன் அவர்களை விலக்கிக்கொண்டு நடக்கிறோம்.

அடுத்த விடுமுறையில் வரைபடத்தை உங்கள் பிள்ளையின் கையில் கொடுங்கள். கப்பலில் செல்ல முடிந்தால் பினாங்கில், முடியாவிட்டால் இங்கேயே. பிள்ளை வழி தவறினால் கொஞ்சம் தூரம் பொறுத்திருங்கள். யாரிடமாவது தமிழில் கேட்டுத் திருத்திக்கொள்ளட்டும்.