இறங்கி வந்த மிச்சு

ஸ்பெயின் தேசத்தின் வடகரையில், அஸ்தூரியாஸ் என்னும் மலைநாட்டில், ஒரு காலத்தில் நிலக்கரியையும் எஃகையும் நம்பி ஜீவித்த நலோன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலே லாங்ரேயோ என்று ஓர் ஊர் உண்டு. அவ்வூர்க் கால்பந்துக் கழகத்தில், 2015ஆம் ஆண்டின் இறுதியில், ஒரு புதிய ஆட்டக்காரர் வந்து சேர்ந்தார். கழகம் அப்பொழுது ஆடிக்கொண்டிருந்தது ‘தெர்செரா’ எனப்பட்ட நான்காம் படியில்; அதன் பயிற்சியாளர் வந்தவரின் உடன்பிறந்த சகோதரர். வந்தவரோ, மூன்று வருஷங்களுக்கு முன்பு லண்டனில் ஆர்சனல் கழகத்தின் சொந்த மைதானத்திலேயே ஆட்டத்தின் கடைசி நிமிஷங்களில் இரண்டு கோல் அடித்து அந்தப் பெரிய கழகத்தைத் தலைகுனிய வைத்த மிகேல் பெரேஸ் குவெஸ்தா. உலகம் ‘மிச்சு’ என்று அறிந்த மனிதர்.

இவருடைய சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்களில் பலர் ‘ஒரு பருவத்து அதிசயம்’ என்று தலைப்பிட்டு, லாங்ரேயோவுக்கு வந்ததை வீழ்ச்சி என்று முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. இந்தத் தீர்ப்பில் எனக்குச் சம்மதமில்லை. ஏறிய உயரத்தை மட்டும் வைத்து ஆட்டக்காரனை அளப்பதென்றால், ஸ்பெயினின் கீழ்ப்பிரிவுகளில் வாரந்தோறும் ஆடிக் கழிக்கும் ஆயிரக்கணக்கான முன்கள வீரர்களின் ஜீவிதம் அர்த்தமற்றது என்றல்லவா சொல்ல வேண்டியிருக்கும்?

மிச்சு 1986இல் ஓவியேதோ நகரத்தில் பிறந்தவர். அவருக்குப் பதினேழு வயதான 2003ஆம் ஆண்டில் அந்நகரத்தின் பெருமையான ரெயால் ஓவியேதோ கழகம் இரண்டாம் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. அது போதாதென்று, ஆட்டக்காரர்களுக்குச் சம்பள பாக்கி வைத்த குற்றத்துக்காக மேலும் ஒரு படி கீழே தள்ளப்பட்டது. வீரர்களில் பெரும்பாலோர் வெளியேறினர். நகரசபையின் ஆதரவும் வேறொரு கழகத்தின் பக்கம் சாய்ந்தது. மூன்றே வருஷங்களுக்கு முன் திறக்கப்பட்டிருந்த, முப்பதாயிரம் பேர் அமரக்கூடிய கார்லோஸ் தார்தியேரே மைதானத்தில் நான்காம் பிரிவு ஆட்டம் நடக்கும் விசித்திரக் காட்சி அப்போதுதான் பிறந்தது. ஆனால் ஜனங்கள் கழகத்தைக் கைவிடவில்லை. தெர்செரா பிராந்தியவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஆகவே ஒரு காலத்தில் ரெயால் மாட்ரிட்டையும் பார்சிலோனாவையும் எதிர்கொண்ட கழகம், அஸ்தூரியாஸுக்குள்ளேயே சுரங்கத் தொழிலாளர் ஊர்களுக்கும் மீன்பிடித் துறைகளுக்கும் போய், மழையில் நனைந்த சிறு மைதானங்களில் ஆடிவர வேண்டியதாயிற்று. மிச்சு தொழில் கற்றது அந்தச் சேற்றில். 2005இல் கழகம் ஒரு படி ஏறியது. இரண்டு வருஷங்களில் மறுபடியும் இறங்கியது. மிச்சு அப்பொழுது விகோ நகரத்துச் செல்தாவுக்குப் போனார்.

செல்தாவில் நான்கு பருவங்கள். நான்கும் இரண்டாம் பிரிவில். அந்த நாட்களில், 2010ஆம் ஆண்டில், முதற்பிரிவில் ஆடிக்கொண்டிருந்த ஸ்போர்தின் தெ ஹிஹோன் அவரை அழைத்தது. கீழ்ப்பிரிவில் உழலும் இளைஞனுக்கு இதைவிடப் பெரிய சந்தர்ப்பம் ஏது? ஆனால் ஹிஹோன் ஓவியேதோவின் பரம வைரி; மிச்சு மறுத்துவிட்டார். கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் இதைப் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். மனிதர் யார் என்பதை அந்த ஒரு மறுப்பு எனக்குக் காட்டிக்கொடுத்த அளவுக்கு அவருடைய கோல்கள் எவையும் காட்டவில்லை.

முதற்பிரிவில் அவர் கால் வைத்தது 2011இல், இருபத்தைந்தாம் வயதில், மாட்ரிட் நகரத்துத் தொழிலாளர் பேட்டையான வல்லேகாஸின் ராயோ கழகத்துக்காக. நடுக்களத்திலிருந்து முன்னேறி வந்து பதினைந்து லீக் கோல்கள் அடித்தார். மறுவருஷம் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி கழகம் இருபது இலட்சம் பவுனுக்கு அவரை வாங்கியது. இங்கிலாந்து லீக்கில் 18 கோல்கள், எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 22, லீக் கோப்பை, காதருகே கையை ஆட்டிக் கொண்டாடும் அந்தச் சைகை, 2013 அக்டோபரில் பெலாரூஸுக்கு எதிராக ஸ்பெயினின் தேசிய அணியில் ஒரே ஓர் ஆட்டம்: இவையெல்லாம் யாவரும் அறிந்தவை. ‘மலிவு விலைக்குக் கிடைத்த மாணிக்கம்’ என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் புகழ்ந்த தோரணையில், சந்தைக்குப் போய்வந்தவனின் குதூகலம் தெரிந்ததே தவிர, அதற்கு முன் எட்டு வருஷம் அந்த மாணிக்கம் எங்கே கிடந்தது என்ற விசாரம் அதிகமாகத் தெரியவில்லை.

அவரோ மறக்கவில்லை. ஸ்வான்சிக்குப் போன அதே 2012ஆம் ஆண்டு நவம்பரில், இங்கிலாந்தில் அவருடைய கீர்த்தி உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தபோது, ரெயால் ஓவியேதோ பணமின்றிக் கலைக்கப்படும் நிலைக்கு வந்தது. கழகம் ஒரு பங்கு 10.75 யூரோ என்று விற்பனைக்கு வைத்தது; பல தேசங்களிலிருந்து முன்பின் அறியாதவர்கள் வாங்கினார்கள்; மெக்ஸிகோ தனவந்தர் கார்லோஸ் ஸ்லிம் பெருந்தொகை போட்டார். அக்கழகத்தில் வளர்ந்து பெரிய கழகங்களுக்குப் போயிருந்த சாந்தி கசோர்லா, ஹுவான் மாத்தா ஆகியோருடன் மிச்சுவும் பணம் கொடுத்தார். கழகம் பிழைத்தது.

பிறகு கணுக்கால் கெட்டது. சத்திரசிகிச்சை, இத்தாலியின் நாப்போலி கழகத்தில் சொற்ப ஆட்டங்கள், மறுபடியும் சிகிச்சை. 2015 நவம்பரில் ஸ்வான்சியோடு ஒப்பந்தம் முடிந்தது. பேருக்காக ஏதோ ஒரு தூரதேசத்து லீக்கில் இரண்டு வருஷம் நின்று பணம் சேர்ப்பது பலரும் தேர்ந்த வழி. அதை நான் குறை கூறவில்லை, குடும்பம் உள்ளவர்கள் செய்யத்தக்கதே. மிச்சு சகோதரனின் அணிக்கு, தாம் சிறுவயதில் ஆடிய அதே தெர்செராவுக்குப் போனார். அடுத்த பருவத்தில், இரண்டாம் பிரிவுக்கு ஏறிவிட்டிருந்த ஓவியேதோவின் நீலச் சட்டையை மீண்டும் அணிந்தார். கால் ஒத்துழைக்கவில்லை. 2017 ஜூலையில், முப்பத்தோராம் வயதில், ஆட்டத்தை நிறுத்தினார்.

2025 ஜூன் மாதம் தார்தியேரே மைதானத்தில் மிராந்தேஸ் கழகத்தை வென்று, இருபத்து நான்கு வருஷங்களுக்குப் பிறகு ஓவியேதோ முதற்பிரிவுக்குத் திரும்பியது. அன்று பெனால்டியில் ஒரு கோல் அடித்தவர், நாற்பது வயதான கசோர்லா. 2012இல் மிச்சுவோடு சேர்ந்து பங்கு வாங்கிய அதே கசோர்லா.