தெர்மாகோல் பூமியும் நீலாங்கரை மணலும்

எட்டாம் வகுப்பில் சுற்றுச்சூழல் தினப் போட்டிக்காக நான் ஒரு பூமி உருண்டை செய்தேன். முழுக்க தெர்மாகோல். அதன் மேல் நீலமும் பச்சையும் பெயின்ட், கொஞ்சம் ஜிகினா, கீழே 'பூமியைக் காப்போம்' என்று ஒரு பிளாஸ்டிக் பட்டை. முதல் பரிசு கிடைத்தது! இரண்டு வாரம் கழித்து அதே உருண்டை பள்ளியின் பின்பக்கம் குப்பையோடு குப்பையாக எரிந்துகொண்டிருந்தது. கறுப்புப் புகை, மூக்கைத் துளைக்கும் நாற்றம். அதில் இருந்த வேடிக்கை அன்று எனக்கும் புரியவில்லை, பரிசு கொடுத்தவர்களுக்கும் புரியவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கும் இப்படி ஒரு தெர்மாகோல் ஞாபகம் இருக்கும். இல்லையென்றால், நேற்று இரவு 10 மணிக்கு, "அம்மா, நாளைக்கு சார்ட் கொண்டு போகணும்" என்று உங்கள் பிள்ளை சொல்லியிருக்கும். நீங்களும் ஸ்டேஷனரி கடைக்கு ஓடியிருப்பீர்கள்.

சுற்றுச்சூழல் கல்வி நம் ஊருக்குப் புதிதல்ல. வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில், பள்ளி, கல்லூரிகளில் இதைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. அதே தீர்ப்பில், சினிமா தியேட்டர்களில் சுற்றுச்சூழல் ஸ்லைடு போட வேண்டும் என்றும் உத்தரவு இருந்தது. பிறகு தேசிய பசுமைப் படை வந்தது, பள்ளிதோறும் 'எக்கோ கிளப்' வந்தது. பாடம் இருக்கிறது, கிளப் இருக்கிறது, பரீட்சையும் இருக்கிறது. 'மாசு என்றால் என்ன?' என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஐந்து மார்க்குக்குப் பதில் எழுதிவிடும். ஆனால், தெருமுனைக் கால்வாய் எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளை விடுங்கள், நமக்கே தெரியாது.

இந்தச் சந்தேகத்தோடு இருந்த எனக்கு, ஓர் இரவு வேறு மாதிரியான வகுப்பு கிடைத்தது.

டார்ச் இல்லாத வகுப்பறை

சென்னைக் கடற்கரையில் ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வரும். நம் கடலோர மக்கள் சொல்லும் பெயர், பங்குனி ஆமை. 1970-களில் ரோமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் இங்கே இரவில் நடந்து ஆமை முட்டைகளைத் தேட ஆரம்பித்தார்கள். 1988-ல் மாணவர்களே சேர்ந்து எஸ்.எஸ்.டி.சி.என். என்ற அமைப்பைத் தொடங்கி அந்த நடையைத் தொடர்ந்தார்கள். வனத்துறை அனுமதியோடு இன்றும் அது நடக்கிறது.

நீலாங்கரையில் இருந்து பெசன்ட் நகர் நோக்கி நடை. கிளம்பும்போதே முதல் பாடம், "போன் டார்ச் யாரும் போடக் கூடாது." வெளிச்சம் பட்டால் கரையேறும் தாய் ஆமை திரும்பிப் போய்விடலாம். பொரிந்து வரும் குஞ்சுகள் வெளிச்சமான பக்கம்தான் நகரும். ஒரு காலத்தில் இரவுக் கடற்கரையில் வெளிச்சமான பக்கம் என்றால் அது கடல்தான். இன்று ரோட்டு விளக்கும் ரிசார்ட் விளக்கும் அதைவிடப் பிரகாசம். குஞ்சுகள் ரோட்டுப் பக்கம் போய்ச் சாகின்றன. நம் வீட்டு மொட்டைமாடி விளக்குக்கும் ஓர் ஆமைக்குஞ்சின் உயிருக்கும் சம்பந்தம் உண்டு என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

இரவு இரண்டு மணி இருக்கும். மணலில் டிராக்டர் டயர் போன தடம் மாதிரி ஒரு கோடு. தன்னார்வலர் அக்கா ஒரு குச்சியால் மெதுவாகக் குத்திப் பார்த்து, மணல் இளகிய இடத்தைக் கண்டுபிடித்துக் கையாலேயே தோண்டினார். உள்ளே பிங்பாங் பந்து மாதிரி வெள்ளை வெள்ளையாக முட்டைகள். எண்ணிக்கை நூறைத் தாண்டியது. அவற்றைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய், அதே ஆழத்தில் குழி தோண்டிப் புதைப்பார்கள். சுமார் ஒன்றரை மாதத்தில் குஞ்சுகள் வெளியே வரும். மணலின் சூடுதான் அவை ஆணா, பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண் குஞ்சுகள் கூடும். புவி வெப்பமாதல் என்ற பெரிய விஷயம் அந்த ஒன்றரை அடிக் குழிக்குள்ளேயே இருந்தது.

"எங்கப்பா மேலதான் தப்பா?"

எங்கள் குழுவில் பக்கத்துக் குப்பத்தில் இருந்து ஒரு சிறுவன் வந்திருந்தான். ஒன்பதாம் வகுப்பு. வழியில் ஒரு செத்த ஆமை ஒதுங்கிக் கிடந்தது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இப்படி இறந்து ஒதுங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். ஆமை நுரையீரலால் மூச்சு விடும் உயிர். வலையில் மாட்டி வெகுநேரம் தண்ணீருக்குள்ளேயே இருந்தால் மூச்சுமுட்டிச் செத்துவிடும் என்று அந்த அக்கா விளக்கினார்.

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தான். பிறகு கேட்டான்: "எங்கப்பா போட்ல போறவர்க்கா. அப்போ எங்கப்பா மேலதான் தப்பா?"

எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் அந்த அக்கா தடுமாறவில்லை. "யாரும் ஆமையைப் பிடிக்கணும்னு கடலுக்குப் போறதில்லடா. உங்கப்பா போறது மீனுக்கு" என்றார். விசைப்படகுகள் கரையில் இருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலை போடக் கூடாது என்ற விதியைச் சொன்னார். ஆமை தப்பிக்க வலையில் வழிவைக்கும் கருவி இருப்பதைச் சொன்னார். கடைசியாக ஒன்று சொன்னார்: "வலையில வர்ற ஆமை அசையாம இருந்தா செத்துடுச்சுனு உடனே கடல்ல தூக்கிப் போடக் கூடாது. வயிறு கீழ இருக்கிற மாதிரி படகுல வெச்சு, பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, உடம்பை ஈரமா வெச்சிருந்தா, நுரையீரல்ல இருக்கிற தண்ணி வடிஞ்சு சில மணி நேரத்துல பிழைச்சுக்கலாம்."

"அப்பாகிட்ட சொல்றேன்க்கா" என்றான். அதன் பிறகு பெசன்ட் நகர் வரை அவன்தான் எல்லோருக்கும் முன்னால் நடந்தான்.

சுற்றுச்சூழல் கல்வி எங்கே சறுக்குகிறது என்று அப்போது புரிந்தது. நாம் பிள்ளைகளுக்குக் குற்றவாளியைக் காட்டுகிறோம், இல்லையென்றால் கோஷத்தைக் கொடுக்கிறோம். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லக்கூடிய ஒரு வேலையைக் கொடுப்பதில்லை.

பட்டாசு வெடிக்காத ஊர்

ஊரே சேர்ந்து கற்றுக்கொடுக்கும் இடமும் நம்மிடம் உண்டு. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டியிருக்கும் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாயில் தங்கும் பறவைகள் மிரளக் கூடாது என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. வனத்துறை அவர்களுக்கு இனிப்பு கொடுத்து நன்றி சொல்கிறது. அந்த ஊர்க் குழந்தைக்கு, பறவைகளைக் காப்பது எப்படி என்று யாரும் நோட்ஸ் கொடுக்கவில்லை. பாட்டி வெடிக்கவில்லை, அம்மா வெடிக்கவில்லை, அதனால் அதுவும் வெடிப்பதில்லை.

எல்லா ஊரிலும் கடல் இல்லை, சரணாலயம் இல்லை. ஆனால் எல்லாப் பள்ளிக்குப் பக்கத்திலும் ஒரு குளமோ, கால்வாயோ, வேப்பமரமோ இருக்கும். ஆசிரியர்களே, அடுத்த முறை சார்ட் கேட்பதற்குப் பதிலாக, பள்ளிக் குழாயில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர் வீணாகிறது என்று பிள்ளைகளை அளந்து வரச் சொல்லுங்கள். அந்தக் கணக்கைப் பெற்றோர் கூட்டத்தில் அவர்களே வாசிக்கட்டும். பெற்றோர்களே, ஒரு வாரம் வீட்டுக் குப்பையைப் பிள்ளையோடு சேர்ந்து பிரித்துப் பாருங்கள். பால் கவர் எத்தனை, பார்சல் டப்பா எத்தனை, மக்குவது எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். உங்களுக்கே அதிர்ச்சியாக இருக்கும்.

அடுத்த சீசனில் நான் மறுபடியும் அந்த நடைக்குப் போவேன். அந்தச் சிறுவனைப் பார்த்தால் அப்பா என்ன சொன்னார் என்று கேட்க வேண்டும். என் தெர்மாகோல் பூமியைப் பற்றி அவனிடம் சொல்லவும் வேண்டும். அவன் சிரிப்பான் என்று நினைக்கிறேன்.